பட்டியல் யார் கையில்? நல்லவாடு முதல் கோடியக்கரை வரை

திங்கள், நல்லவாடு

பெரம்பலூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் வெளி மாவட்டங்களிலிருந்து மருத்துவக் குழுக்களை டெல்டாவுக்கு அனுப்பினார்கள். அதில் ஒன்றில் நானும் போனேன். காயத்துக்கு, காய்ச்சலுக்கு, வயிற்றுப்போக்குக்கு என்று பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டு போயிருந்தோம். வரிசையில் நின்றவர்களில் பலர் கேட்டது வேறு. "சுகர் மாத்திரை கூரையோட போச்சும்மா, ஒரு வாரமாப் போடல." "பிரஷருக்கு வெள்ளையா, சின்னதா ஒண்ணு இருக்கும், பேரு தெரியாது." சீட்டும் இல்லை, அட்டையும் இல்லை. யாருக்கு என்ன வியாதி என்று சொல்ல வேண்டிய காகிதமெல்லாம் தண்ணீரில் போயிருந்தது.

அந்தக் கரையை மழையில்லாத காலத்தில், ஓட்டமில்லாமல் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அப்போதிருந்தே ஆசை. இந்த மாசியில்தான் லீவு கிடைத்தது. வடக்கிலிருந்து தெற்காக, பஸ்ஸிலேயே பயணம். ராத்திரி தங்குமிடத்தில் உட்கார்ந்து எழுதிப் போடுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் செல்போனைத் திட்டுங்கள்.

புதுச்சேரியில் கடலூர் பஸ் ஏறி, தவளக்குப்பத்தில் இறங்கி, கிழக்கே ஆட்டோவில் வந்தால் நல்லவாடு. சுனாமி பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஊரைத் தாண்டிப் போக முடியாது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை ஆறரைக்கு சுமத்ராவை ஒட்டிக் கடலடியில் நிலம் அதிர்ந்தது. இந்தக் கரைக்கு அலை வந்தது ஒன்பது மணி வாக்கில். இடையில் இருந்தது இரண்டரை மணி நேரம். கரை மக்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்வதற்கான ஏற்பாடே அப்போது கிடையாது. இந்தியாவுக்கென்று சுனாமி முன்னெச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் வந்தது 2007-ல்தான். ஆனால் நல்லவாட்டுக்குச் செய்தி வந்தது, சிங்கப்பூரிலிருந்து. அங்கே வேலை பார்த்த ஊர்ப் பையன் ஒருவர் விஷயம் தெரிந்ததும் வீட்டுக்குப் போன் போட்டார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் இருந்தது. கதவை உடைத்து உள்ளே போய் மைக்கைப் போட்டு, எல்லாரும் ஓடுங்கள் என்று கத்தினார்கள். 3,600 பேருக்கு மேல் இருந்த ஊர். வீடு போனது, படகு போனது, ஓர் உயிர் போகவில்லை.

இதை ஒரு போன்காலின் கதையாகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். வலை கட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வேறு மாதிரி சொன்னார். "போன் வந்தது உண்மைதான் பாப்பா. அந்த மைக்கு அன்னிக்கு மட்டும் பேசியிருந்தா எவன் நம்பியிருப்பான்? அது தினம் பேசுச்சு. அலை எத்தனை அடி, காத்து எப்படி, எல்லாம் அதுலதான் வரும். கேட்டுட்டுத்தான் தொழிலுக்குப் போவோம்."

அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் சொல்வது அந்த மையத்தின் அன்றாட வேலை. ஆபத்துக்கென்று ஒரு கருவியை வாங்கிப் பூட்டி வைக்காமல், அன்றாடத்துக்கு வைத்திருந்த கருவி ஆபத்துக்கும் உதவியது. என் வேலைக்கும் இது பொருந்தும் என்று தோன்றியது. யோசித்துக்கொண்டே கடலூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

செவ்வாய், கிள்ளை, பிச்சாவரம்

சிதம்பரத்திலிருந்து கிள்ளைக்கு டவுன் பஸ். கடைத்தெருவில் மாசி மகப் பேச்சு. ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்கு இந்தக் கிள்ளைக் கடலுக்குத்தான் வருவார். வழியில் தர்காவில் அவருக்கு மரியாதை நடக்கும். அதற்குள் நான் ஊர் திரும்பிவிடுவேன் என்பதில் கொஞ்சம் வருத்தம்.

படகு சவாரிக்கு வருகிறவர்கள் பார்க்கிற பிச்சாவரம் வேறு. ஆயிரத்து நூறு ஹெக்டேர் பரப்பில் இருக்கிற இந்த அலையாத்திக் காட்டை வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே கூறு கூறாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெட்டின இடம் வெயிலில் காய்ந்து தாழ்ந்து குழியானது. ஏறின கடல்நீர் இறங்க வழியில்லாமல் அங்கேயே நின்று வற்றியது. உப்பேறிய மண்ணில் கன்று பிடிக்கவில்லை. 1990-களில் வனத்துறையும் சுவாமிநாதன் நிறுவனமும் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு கால்வாய் வெட்டின. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள். மீன்முள் கால்வாய் என்றே அதற்குப் பெயர். ஏற்றத்தில் நீர் உள்ளே போகும், வற்றத்தில் வெளியே வந்துவிடும், உப்பு தங்காது. கன்று நட்டது அதற்கு அப்புறம்தான். கால்வாயில்லாமல் வெறுமனே கன்று நட்டுப் போட்டோ எடுத்துக்கொள்கிற விழாக்கள் இப்போதும் பல கரைகளில் நடக்கின்றன. அந்தக் கன்றுகள் என்ன ஆயின என்று அடுத்த வருஷம் போய்ப் பார்க்கத்தான் ஆளில்லை.

காட்டுக்குப் பின்னால் இருக்கிற தாண்டவராயன் சோழகன்பேட்டைக்கு சுனாமியில் பெரிய சேதமில்லை. காட்டுக்கு முன்னால் மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு நொறுங்கியது. மரம் காத்தது என்று 2005-ல் 'சயின்ஸ்' இதழில் ஆய்வு வந்தது. கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு மேடு என்பதுதான் முக்கியம், மரம் அதற்கு அடுத்துதான் என்று மறுத்தும் எழுதினார்கள். விஞ்ஞானிகள் சண்டையில் நான் புகவில்லை. இந்தக் காட்டின் இறாலும் நண்டும் இங்கே அன்றாடச் சோறு. அதற்காகவே காடு இருக்கத்தான் வேண்டும்.

அந்தச் சோற்றுக்காகத் தண்ணீரில் கிடப்பவர்கள் இருளர்கள். கழுத்தளவு நீரில் குனிந்து, வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். கை இரண்டும் தேடலில் இருப்பதால் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு நகர்கிறார்கள். கரையேறி வந்த ஓர் அக்காவின் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி, நகக்கண்ணில் சேற்றுப்புண். உள்ளங்கையில் கெளுத்தி முள் குத்தின வடு, ஒன்றின் மேல் ஒன்றாக.

"குத்தினா என்ன செய்வீங்கக்கா?"

"சுடுதண்ணியில கைய வைப்போம். வலி எறங்கிரும்."

சரியான வைத்தியம்தான். கை தாங்குகிற சூட்டில் வைத்திருந்தால் அந்த வலி இறங்கும். டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்டதற்குத்தான் சிரித்தார்.

இந்த மக்களுக்குப் பழங்குடி என்ற சாதிச் சான்றிதழ் கிடைப்பதே நெடுநாள் போராட்டமாக இருந்தது. சான்றிதழ் இல்லாமல் பள்ளி உதவி இல்லை, வீடு இல்லை. பேரிடர் நிவாரணத்தில் பெயர் சேர வேண்டுமானால் அதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் பெயர் இருந்தாக வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு வரும் அதிகாரி, தன் கையில் இருக்கிற பட்டியலில் உள்ள வீட்டைத்தான் தேடுவார்.

புதன், நாகப்பட்டினம்

இன்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுனாமியில் இறந்தவர்கள் ஆறாயிரத்துக்கும் மேல். கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டை என்று பேர் சொன்னாலே இந்தப் பக்கத்தில் பேச்சு நின்றுவிடும். பல ஊர்களில் ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம் செத்தார்கள். ஆண்களில் கொஞ்சம் பேர் ஆழ்கடலில் இருந்தார்கள், அங்கே அலை தெரியவே இல்லை. பெண்கள் மீனை எடுத்துப் போக கரையில் கூடையோடு காத்திருந்தார்கள். நீச்சல் தெரியாது, இடுப்பில் குழந்தை, காலைச் சுற்றிய சேலை.

அந்த நாட்களில் எல்லாரும் பயந்தது கொள்ளைநோய்க்கு. பிணங்களால் காலரா வரும் என்று ஊரெல்லாம் பேச்சு. பெரிய கொள்ளைநோய் வரவில்லை. தண்ணீரில் குளோரின் கலந்தார்கள், பிள்ளைகளுக்குத் தட்டம்மை ஊசி போட்டார்கள். கடலூர்ப் பக்கத்தில் தட்டம்மை எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். பேர் இல்லாத இந்த வேலையைச் செய்தவர்கள் அடிமட்ட சுகாதாரப் பணியாளர்கள். தஞ்சாவூர் கலெக்டராக இருந்து நாகைக்கு வந்து பொறுப்பெடுத்த ஜெ. ராதாகிருஷ்ணன் பேர் எல்லாருக்கும் தெரியும், தெரியத்தான் வேண்டும். வீடு வீடாக பிளீச்சிங் பவுடர் தூக்கிப் போனவர்கள் பேர்தான் எங்கேயும் இல்லை.

இன்று காலை மீன் ஏலம் முடிந்த நேரத்தில், ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த ஓர் அக்காவோடு பேச வாய்த்தது. நான் மருந்துக் கடைக்காரி மாதிரி என்று சொன்னதும் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டி, "இத சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?" என்று கேட்டார். சொன்னேன். அப்புறம் பேச்சு தானாக அந்த வருஷத்துக்குப் போனது. இரண்டு பிள்ளைகள், இரண்டும் போய்விட்டன. அதற்கு முன்பே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்.

இந்தக் கரையில் இப்படி எத்தனையோ தாய்மார். இரண்டு போதும் என்று அரசாங்கம் சொன்னதைக் கேட்டு நடந்தவர்கள் ஒரே காலையில் பிள்ளையில்லாதவர்கள் ஆனார்கள். கட்டின குழாயை மறுபடி இணைக்கிற ஆபரேஷனை அரசு இலவசமாகச் செய்து கொடுத்தது. பேரிடர் மருத்துவம் என்று எந்தப் பயிற்சியிலும் எனக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை. கட்டு, ஊசி, குளோரின் மாத்திரை என்றுதான் எங்கள் பாடம்.

"எனக்குத் தங்கிருச்சு. பையன் பாலிடெக்னிக் படிக்கிறான். என் கூட வந்தவளுக்குத் தங்கல." அவ்வளவுதான் சொன்னார். கூடையைத் தூக்கித் தலையில் வைக்கச் சொன்னார், வைத்துவிட்டேன்.

மனசுக்கு வைத்தியம் வேண்டும் என்பதும் அப்போதுதான் இந்தப் பக்கம் பேச்சாக வந்தது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தார் ஊர்க்காரர்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். புத்தி சொல்லக் கூடாது, அழாதே என்று அடக்கக் கூடாது. கூட இருந்து கேட்க வேண்டும், தூங்காமலும் சாப்பிடாமலும் இருப்பவரைக் கண்டுபிடித்து டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். இந்த வேலைக்குப் பெரிய படிப்பு வேண்டாம், அந்தத் தெருவைத் தெரிந்தவராக இருக்க வேண்டும். நிவாரணப் பணம் வந்த கையோடு குடியும் ஏறியதை இங்கே எல்லாருமே சொல்கிறார்கள். அதற்கு எத்தனை பேர் எத்தனை வருஷம் கூட உட்கார்ந்தார்கள் என்று கேட்டால் பதில் இழுக்கிறது. திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு. துக்கத்துக்குக் கிடையாது. டிசம்பர் பிறந்தால் தூக்கம் கெடுகிறவர்கள் இன்றும் உண்டு.

சாயங்காலம் செல்லூர்ப் பக்கத்து சுனாமி குடியிருப்புக்குப் போனேன். முதலில் தார் ஷீட் கொட்டகை, அதில் வெந்தார்கள், 2005 மழையில் நனைந்தார்கள், அதன் பிறகு கான்கிரீட் வீடு. ஒரு வீடு ஏறக்குறைய 325 சதுர அடி. கடலிலிருந்து தள்ளி இருப்பதால் உயிருக்கு நல்லது. தொழிலுக்கு? வலையும் என்ஜினும் கரையில் இருக்க, மனுஷன் மட்டும் இங்கே இருக்க முடியுமா? கரையில் கொட்டகை போட்டு ராத்திரி காவல் படுப்பவர்கள் உண்டு. புயல் வரும்போது முதலில் தேட வேண்டியது அவர்களைத்தான். அரசு ஆவணத்திலோ அவர்கள் வீடு பத்திரமான இடத்தில் இருக்கிறது.

வியாழன், நாலுவேதபதி, புஷ்பவனம்

வேளாங்கண்ணி தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வர வர நிலம் மாறுகிறது. மணல், தென்னை, மா, சவுக்கு. மண்ணில் குட்டை தோண்டி, ஊறுகிற நல்ல தண்ணீரைக் குடத்தில் மொண்டு செடிக்கு ஊற்றுகிற விவசாயம். மணல்மேட்டுக்கு அடியில் தங்குகிற மழைத் தண்ணீர் அது. மேட்டைக் கரைத்தால் உப்புதான் மிஞ்சும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நாலுவேதபதிக்காரர்கள் 2002 டிசம்பரில் ஒரே நாளில் 80,244 கன்று நட்டு கின்னஸில் ஏறினார்கள். இரண்டு வருஷம் கழித்து சுனாமி வந்தபோது அந்தச் சவுக்குத் தோப்பு அலையின் வேகத்தை உடைத்தது என்று ஊரே சொல்கிறது. அதே ஊர் 2018-ல் கஜாவிடம் மாட்டியது. சுனாமி தண்ணீராக வந்தது, கஜா காற்றாக வந்தது. நவம்பர் 15 நள்ளிரவு தாண்டி நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகம். தென்னை, மா, சவுக்கு எல்லாம் சாய்ந்தன. புஷ்பவனத்தில் கடல் சேற்றை வாரிக் கரையில் கொட்டியது. ஒரு பேரிடருக்குப் போட்ட வேலி அடுத்ததற்கு ஆகாது என்பதை இந்த ஊர் இரண்டு தடவை பார்த்துவிட்டது.

அங்கேயும் இங்கேயும் விசாரித்து, இந்தப் பகுதியில் ரொம்ப நாள் வேலை பார்த்த கிராம சுகாதார செவிலியர் ஒருவரைப் பிடித்தேன். ஊர்க்காரர்களுக்கு நர்சம்மா. வீட்டுத் திண்ணையில் டீ கொடுத்துவிட்டுப் பேசினார். மாத்திரைக் கணக்கு பார்க்கிற இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே நிற்கும்?

"புயலுக்கு ரெண்டு நாள் முன்னாடி என்னோட மொத வேலை பிரசவத் தேதிதான். நோட்டத் திறந்து, இந்த வாரம் அடுத்த வாரம் தேதி உள்ள பொண்ணுங்க யாருன்னு பாத்து, ஆஸ்பத்திரியில கொண்டு போய் விட்ருவேன். வரமாட்டேன்னு அழும். மாமியா சண்டைக்கு வரும். 'ரோட்டுல மரம் விழுந்தா நூத்தியெட்டு எங்கருந்து வரும், சொல்லு'ன்னு கேப்பேன்."

கஜாவில் அப்படித்தான் ஆனது. சாலையெல்லாம் மரம், ஆம்புலன்ஸ் நகர வழியில்லை. மின்கம்பங்கள் லட்சத்துக்கு மேல் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லையென்றால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. தெருவே காசு போட்டு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து மோட்டார் ஓட்டினார்கள். அதே ஜெனரேட்டரில் காசு வாங்கிக்கொண்டு செல்போனுக்கும் சார்ஜ் போட்டார்கள்.

"அப்ப இன்சுலின்?" என்றேன். என் தொழில் புத்தி அங்கேதான் போகும்.

நர்சம்மா உள்ளே போய் ஒரு மண்சட்டியைக் கொண்டுவந்து காட்டினார். பெரிய சட்டிக்குள் ஈர மணல், அதற்குள் சின்னச் சட்டி, அதில் பிளாஸ்டிக் டப்பா, டப்பாவுக்குள் மருந்து, மேலே நனைத்த துணி. மருந்தில் தண்ணீர் படக் கூடாது, சட்டியில் ஈரம் காயக் கூடாது. உபயோகத்தில் இருக்கிற இன்சுலின் குப்பி வெயில் படாமல் இருந்தால் நாலு வாரம் வரை தாங்கும் என்று எனக்குப் பாடத்தில் தெரியும். வேதாரண்யத்துச் சூட்டில் அந்த 'வெயில் படாமல்' எப்படி என்பதற்கு விடை இந்தச் சட்டி.

தெருவுக்குக் கூட்டிப் போனார். சில வீடுகளில் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்குகிறது. உள்ளே பத்து நாள் மாத்திரை, மாத்திரை பேர் எழுதின சீட்டு, ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல். கஜாவுக்கு அப்புறம் வந்த பழக்கம். 2021 ஆகஸ்டில் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வருகிற மாத்திரையில் ஒரு பகுதியை இந்தப் பையில் போட்டு, அடுத்த முறை பழசை எடுத்துச் சாப்பிட்டுப் புதுசை உள்ளே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காலாவதி ஆகிவிடும். "எல்லா வீட்லயும் செய்யறாங்களா?" என்று கேட்டேன். "பாதி வீட்ல பையில மாத்திரை இருக்காது, பீடிக்கட்டு இருக்கும்" என்று சிரித்தார்.

நான் வியந்தது பையைப் பார்த்து இல்லை, அவர் நோட்டைப் பார்த்து. படுக்கையில் இருப்பவர், டயாலிசிஸுக்குப் போகிறவர், வலிப்பு மாத்திரை போடுகிறவர், தனியாக இருக்கிற கிழவி, யார் வீட்டுக்கு யார் பக்கத்தில், தூக்கிப் போக யாரைக் கூப்பிட வேண்டும். எல்லாம் தேதி போட்டு, பேனாவில். இன்னொரு பிரதி? "இது ஒண்ணுதான்."

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தூண் மேல் நிற்கிற பல்நோக்குப் பாதுகாப்பு மையம். உலக வங்கிக் கடனில் கரையோரம் நெடுகக் கட்டினவற்றில் ஒன்று. சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம், கழிப்பறை, ஜெனரேட்டருக்கு இடம் எல்லாம் யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். நல்ல கட்டடம், குறை சொல்ல மாட்டேன். அதற்குத் திறப்பு விழா நடந்தது, கல்வெட்டு இருக்கிறது. நர்சம்மாவின் நோட்டுக்கு ஒரு ஜெராக்ஸ் இல்லை.

வெள்ளி, அகஸ்தியம்பள்ளி, கோடியக்கரை

1930-ல் ராஜாஜி உப்பள்ளின இடம் இந்த அகஸ்தியம்பள்ளிதான். நினைவுத்தூண் இருக்கிறது. நான் போனது பக்கத்தில் இன்றைக்கு உப்பு வாருகிறவர்களைப் பார்க்க.

பத்து மணிக்கே கண் கூசுகிறது. மேலே வெயில், கீழே பாத்தி நீரிலிருந்தும் உப்பிலிருந்தும் திரும்பி அடிக்கிற வெயில். கால் வெடிப்பில் உப்பு இறங்கிப் புண். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களை ஆராய்ந்த சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெரும்பாலோர் பாதுகாப்பான அளவைத் தாண்டின சூட்டில் வேலை செய்கிறார்கள் என்றும் சிலருக்குச் சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். பெண்களிடம் பேசினால் காரணத்தில் பாதி உடனே கிடைக்கும். ஒதுங்க மறைவிடம் இல்லை, அதனால் தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் வந்து மதியம் கரையேறும் வரை ஒரு சொம்பு. இவர்களுக்கு வேண்டியது நிழல், கழிப்பறை, குடிதண்ணீர். இந்த மூன்றுக்கும் எந்தப் புயலும் காரணமில்லை. புயல் வருகிறபோது ஏற்கெனவே காய்ந்துபோன உடம்பைத்தான் அது பிடிக்கிறது. கஜாவில் இந்தப் பாத்திகளில் சேறு ஏறியது, குவித்து வைத்த உப்பு கரைந்தது, பல மாதம் கூலி இல்லை.

மதியம் கோடியக்கரை. பூநாரை பார்க்க வருகிறவர்கள் காட்டுப் பக்கம் திரும்பிவிடுவார்கள். நான் மீன் இறங்குகிற பக்கம் போனேன். ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை இங்கே சீசன். வெளியூர்களிலிருந்து மீனவர்கள் ஃபைபர் படகோடு வந்து கீற்றுக் கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்கிறார்கள். ஊருக்குள் இருப்பவர்களைவிட அந்த மாதங்களில் இவர்கள் கூட்டம்தான் பெரிசாகத் தெரிகிறது.

ஐப்பசியும் கார்த்திகையும் புயல் மாதம். அந்தச் சமயத்தில்தான் இவர்கள் சொந்த ஊரில் இல்லை. சொந்த ஊர் நர்சின் நோட்டில் பேர் இருக்கும், ஆள் இங்கே. இங்கே ஆள் இருப்பார், நோட்டில் பேர் இருக்காது. மாத்திரை சொந்த வீட்டுக்குப் போகும்.

கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஒருவரைக் கேட்டேன். சுகர் இருக்கிறது, மாத்திரை ஊரில் மனைவி வாங்கி வைக்கிறார், ஊர்க்காரர் யாராவது வந்தால் கொடுத்து விடுவார். "வராட்டி?" "ரெண்டு நாள் விட்டா என்னங்க ஆயிரும்?" புயல் எச்சரிக்கை எப்படித் தெரியும் என்றதற்குத் தயங்காமல் சொன்னார்: கூண்டு எண்ணை டிவியில் பார்ப்போம், மீன்துறையிலிருந்து குறுஞ்செய்தி வரும், ஊர்த் தலைவர் போன் போடுவார், வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாப் படகும் இருக்கிறது. 2004-ல் இல்லாத ஒன்று இது. செய்தி இப்போது வந்துவிடுகிறது. 1970-ல் மூன்று லட்சத்துக்கு மேல் பலி கொடுத்த வங்கதேசம், 2007 சிடர் புயலில் அதைச் சில ஆயிரத்துக்குக் குறைத்தது மெகாபோன் பிடித்துத் தெருத் தெருவாகப் போன தன்னார்வலர்களாலும்தான். கொடியேற்றி, கதவைத் தட்டி, இந்த வீட்டில் கிழவர் இருக்கிறார் என்று தெரிந்து தூக்கிப் போனவர்கள். நம்மிடம் செய்தியும் இருக்கிறது, கட்டடமும் இருக்கிறது. யாரைத் தூக்கிப் போக வேண்டும் என்பதுதான் ஒரு நர்சம்மா கையில் ஒற்றை நோட்டாக இருக்கிறது.

அந்த வாட்ஸ்அப் குரூப்பைக் காட்டச் சொன்னேன். படகு எண், ஓட்டுபவர் பேர், போன் நம்பர், எந்தக் கொட்டகை என்று ஒரு பட்டியல் மேலே பின் செய்யப்பட்டிருந்தது. டீசல் கணக்குக்காகப் போட்டதாம்.

"இதிலேயே யாருக்கு சுகர், யாருக்கு பிரஷர்னு ஒரு எழுத்து சேக்கலாமேண்ணே?"

"எழுதலாம். வியாதி இருக்குன்னு எவன் சொல்லுவான்? தொழிலுக்குக் கூப்பிட மாட்டாங்களே."

நியாயமான பேச்சு. வியாதியைக் குரூப்பில் போடக் கூடாதுதான். மாத்திரை வேண்டுபவர் நேரே நர்சுக்குப் போன் போட ஒரு நம்பர் மட்டும் அந்தப் பட்டியலில் ஏறினால் போதும். நேற்றைய நர்சம்மாவுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். கோடியக்கரை அவர் பகுதி இல்லை, ஆனால் அங்கே இருப்பவரைத் தெரியுமாம், சொல்லிப் பார்க்கிறேன் என்றார். கூடவே, "நீங்க சொன்ன மாதிரி நோட்ட போன்ல போட்டோ எடுத்து வீட்டுக்காரர் போன்லயும் போட்டு வச்சிட்டேன்" என்றார்.

எங்கள் பக்கமும் கரும்பு வெட்ட வெளியூர் ஆட்கள் குடும்பத்தோடு வந்து கொட்டகை போடுகிறார்கள். அவர்களில் யாருக்கு என்ன மாத்திரை என்று எங்கள் நிலையத்தில் ஒரு பக்கம்கூட இல்லை. திங்கட்கிழமை வட்டார மருத்துவ அலுவலரிடம் இதைக் கேட்கப் போகிறேன். அவர் என்ன சொல்வார் என்று தெரியும். "வேற மாவட்டத்து ஆளும்மா அவங்க" என்பார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று நாளைக்கு பஸ்ஸில் யோசிக்க வேண்டும். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர், அங்கிருந்து அரியலூர் வழியாகப் பெரம்பலூர். நேரம் நிறைய இருக்கிறது.